எட்டாவது சட்டை

மொத்தம் ஏழு சட்டை. ஏழும் வெள்ளை, ஏழும் அரைக்கை, ஏழுக்கும் ஒரே துணி, ஒரே டெய்லர். பத்திரம் எழுதுகிறவனுக்குக் கலர் சட்டை எதற்கு என்று இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நானே ஒரு சட்டம் போட்டு, நானே அதற்குக் கட்டுப்பட்டு வந்ததில் இன்றைக்கு என்ன ஆகிவிட்டது என்றால், இந்த ஏழில் எது அந்தச் சட்டை என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. மணி ஏழரை. பதினொரு மணிக்குக் கோயம்புத்தூர் பஸ்ஸில் நித்திலா வருகிறாள். என் மகள். இரண்டு வருஷம் கழித்து இந்தத் திண்டுக்கல் வீட்டு வாசலை மிதிக்கப் போகிறாள், அதுவும் என்னைப் பார்க்க என்று சொல்லவில்லை, என்னுடைய பழைய வெள்ளைச் சட்டைகளுக்காக என்றுதான் சொன்னாள். காலேஜில் துணிப் படிப்பு படிக்கிறாள். முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைத்து எடுக்கிற வேலையாம், பல தடவை துவைத்துப் பழகிப்போன பருத்தி வேண்டுமாம். கோயம்புத்தூரில் கிடைக்காத பருத்தியா? கிடைக்கும். என்னிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியதே, அது போதும் எனக்கு. சட்டை ஒரு சாக்காகவே இருக்கட்டும், வருகிறாள். அவள் வருவதற்குள் அந்த ஒரு சட்டையைக் கண்டுபிடித்து ஒளித்து வைத்துவிட வேண்டும். அவளுடைய ரத்தம் பட்ட சட்டையை அவள் கையாலேயே விரித்துப் பார்க்கும்படி ஆகக் கூடாது.

மொட்டை மாடியில், துவைக்கிற கல்லின் மேல் போனை வைத்து, அவள் அனுப்பிய குரலை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். நேற்றிலிருந்து எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை, எண்ணினால் வெட்கமாக இருக்கும். "அப்பா, நல்லாக் கேட்டுக்கங்க. மொதல்ல பச்சத் தண்ணில ஊறப் போட்டு அலசுங்க. அப்புறம் ஒவ்வொரு சட்டையா விரிச்சுக் கறையப் பாருங்க. கறை இருக்கறப்ப வெந்நீர் படவே கூடாது, பட்டா அப்படியே ஒட்டிக்கும். கறை போனதுக்கப்புறம்தான் வெந்நீர்ல வாஷிங் சோடா போட்டு ஊற வைக்கணும். கஞ்சிப் பசை துளி இருந்தாலும் சாயம் புடிக்காது. காய வைக்காதீங்க, ஈரமாவே வச்சிருங்க. பஸ் ஸ்டாண்டுக்கு வர வேணாம், நானே வந்துக்கறேன்." இதில் 'அப்பா' ஒரே ஒரு தடவைதான் வருகிறது, முதல் சொல்லாக வந்துவிட்டுப் போய்விடுகிறது, மிச்சமெல்லாம் டீச்சர் மாதிரி. அந்த ஒரு 'அப்பா'வில் கோபம் இருக்கிறதா? அடுத்தவர் பத்திரத்தில் வில்லங்கம் தேடியே பிழைத்தவன் நான், ஒரு சொல்லைக் கையில் கொடுத்தால் புரட்டிப் பார்க்காமல் இருக்க வராது. கோபம் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. நான் குடியை விட்டு இன்றோடு நூற்றுப் பத்தொன்பது நாள். போன வாரம் அவளிடம் சொன்னேன், இன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு என்று. 'ம்' என்றாள். அந்த 'ம்'முக்கு ஒரு வாரமாக அர்த்தம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடிந்தபாடில்லை.

சரி, வேலையைப் பார். அலசியாயிற்று, இனி கறை. முதல் சட்டை: பாக்கெட்டின் அடியில் நீல மை. சொத்து விவரம் எழுதுகிற மாதிரிதான் எழுதத் தோன்றுகிறது, வடக்கே பாக்கெட் தையல், கிழக்கே பொத்தான் வரிசை, இதற்குட்பட்ட ஒரு ரூபாய் அளவுள்ள மைக்கறை. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒற்றினேன், தேய்க்கவில்லை, தேய்த்தால் பரவும். அடியில் வைத்த பழைய துணிக்கு மை மெல்ல இறங்கி வருவதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது. ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியபோது மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டேன். அந்த வாசனைக்கு என்னை நன்றாகத் தெரியும். இரண்டாவது: கீழ் மடிப்பில் ஊதா, ரேகை வைக்க வந்த எவரோ ஒருவரின் பெருவிரலைப் பிடித்து அழுத்திவிட்டு என் கையை நானே துடைத்தது. மூன்றாவது: தோளில் துரு, கம்பி ஹேங்கரின் உபயம், எலுமிச்சையும் உப்பும் போட்டு வெயிலில் வைத்தேன். நான்காவது, வடை எண்ணெய். டால்கம் பவுடரைத் தூவி விட்டேன், உறிஞ்சட்டும். ஐந்தாவதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நெஞ்சுப் பக்கம் பழுப்பாக ஒரு வட்டம். ரத்தம் காய்ந்தால் இந்த நிறம்தானே? உப்புத் தண்ணீரில் ஊற வைத்து, விளிம்பை முகர்ந்து, நாக்கில்கூட வைத்துப் பார்த்தேன். பார்த்தால் எவனும் சிரிப்பான், ஐம்பத்திரண்டு வயது ஆள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை நக்குகிறான் என்று. டீ. நிச்சயமாக டீதான், பத்து நிமிஷத்தில் ஓடிப் போனது. ஆறாவதில் காலர் அழுக்கைத் தவிர ஒன்றுமில்லை. ஏழாவதில் கறையே இல்லை. இடது விலாப் பக்கம் கொஞ்சம் மஞ்சள் பாரித்த மாதிரி இருந்தது, பழைய வெள்ளை அப்படித்தான் பழுக்கும். அப்படியானால் அந்தச் சட்டை எங்கே? வில்லங்கமே இல்லாத பத்திரத்தைத்தான் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்று என் ஜூனியர்களுக்குச் சொல்வேன். ஏழாவது சட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். வானம்தான் தெரிந்தது.

அன்றைக்கும் இப்படித்தான் வானம் தெளிவாக இருந்தது, சாயங்காலம் ஐந்தரை, அவள் பன்னிரண்டாம் வகுப்பு, டியூஷன் விட்டுக் கூட்டிக்கொண்டு வருகிறேன். "அப்பா, நான் ஓட்டறேன்பா, குடுங்க," என்று அவள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதா?" என்று நான் கத்தியதும் ஞாபகம் இருக்கிறது. பாலம் இறங்குகிற இடத்தில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. ஜல்லி இருந்தது என்று அப்புறம் எல்லாரிடமும் சொன்னேன், ஜல்லியைக் குற்றவாளி ஆக்கிவிடலாம் என்று பார்த்தேன், ஜல்லி பேசாது அல்லவா. அதற்கு மேல் ஒன்றும் இல்லை, வெற்றுத்தாள். அடுத்து வருவது ஆஸ்பத்திரி பெஞ்சில் விடிந்த காலை. நான் பனியனோடு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே என் மனைவி செல்வராணி நிற்கிறாள், திட்டவில்லை. இருபது வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தவள் அன்றைக்குத் திட்டவில்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. நித்திலாவுக்கு இடது புருவத்துக்கு மேல் நான்கு தையல். பன்னிரண்டாவது நாள் அம்மாவும் மகளும் கோயம்புத்தூரில் செல்வராணியின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் சட்டை என்னவாயிற்று என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. செல்வராணி கெட்டிக்காரி, பச்சைத் தண்ணீரில் அலசி, கறை தெரியாமல் எடுத்து, மற்றதோடு மடித்து வைத்துவிட்டுப் போயிருப்பாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷமாகத் தினம் ஒரு சட்டையை எடுத்து மாட்டும்போது, இதுவா, இதுவா என்று கேட்டுக்கொண்டேதான் பொத்தான் போடுகிறேன். அதனால் உடனே குடியை விட்டேனா என்றால் அதுவும் இல்லை, அதற்கப்புறமும் ஒன்றரை வருஷம் குடித்தேன். ஒரு நாள் பத்திரம் எழுத வந்த ஒரு பையன், என் பேனா தாளில் ஆடுவதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்," என்று மரியாதையாகத் தாளை இழுத்துக்கொண்டான். அன்றைக்கு விட்டேன். மகளின் ரத்தம் செய்யாததை அவன் மரியாதை செய்தது என்றால் நான் எப்பேர்ப்பட்ட ஆள்.

கீழே குக்கர் விசில் அடித்தது, ஓடிப்போய் அணைத்தேன். முருங்கைக்காய் சாம்பார் அவளுக்காக. நான் சமைக்கிறேன் என்பதே அவளுக்குத் தெரியாது. தனி ஆளாக ஆனபின் பழகியது, சாதம் வடிக்க, பருப்பு வேக வைக்க, கைக்கும் கரண்டிக்கும் நடுவில் துண்டு என்று ஒன்று வேண்டும் என்று கற்றுக்கொள்ளவே ஒரு மாதம் ஆனது. சாதம் வடித்த கஞ்சி குண்டானில் வெதுவெதுப்பாக இருந்தது, கையோடு எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். வெயில் முதுகில் இதமாக விழுந்தது. துருக் கறை போயிருந்தது, பவுடரைத் தட்டினால் எண்ணெயும் போயிருந்தது, மனசுக்குள் ஒரு சந்தோஷம், போகாத கறை என்று ஒன்றும் இல்லை போலிருக்கிறதே என்று. அலசினேன், பிழிந்தேன், உதறினேன், அவள் வந்து இந்த வெள்ளையைப் பார்க்க வேண்டும், சாப்பிட உட்கார வேண்டும், முதல் வாயில் என்ன சொல்வாள், உப்பு சரியாக இருக்குமா. ஏழாவது சட்டையின் காலரை நீவிவிட்டபோதுதான் விரலில் அந்தப் பழகிய வழவழப்பு பட்டது. குனிந்து பார்த்தேன். வாளியில் கஞ்சித் தண்ணீர். அதில் இரண்டு சொட்டு நீலம். அடப்பாவி. ஞாயிற்றுக்கிழமைதோறும் இருபத்தாறு வருஷம் செய்ததைக் கை தானாகச் செய்து முடித்துவிட்டது. ஏழு சட்டைக்கும் கஞ்சி போட்டிருக்கிறேன். பசை துளி இருந்தாலும் சாயம் பிடிக்காது என்று அவள் தெளிவாகச் சொல்லியிருந்தாள், அந்தக் கூடாததைத்தான் ஏழு தடவை செய்திருக்கிறேன்.

போன் அடித்தது. "அப்பா, பழனி தாண்டிட்டேன். கறையெல்லாம் எடுத்துட்டீங்களா?" எடுத்தாச்சும்மா என்றேன். "பழக்க தோசத்துல கஞ்சி கிஞ்சி போட்டுறலயே?" இல்லம்மா, அதெல்லாம் இல்ல. வாய் எவ்வளவு வழுக்கலாகச் சொல்லிவிட்டது பாருங்கள், ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. அவள் வைத்துவிட்டாள். நான் போனைப் பிடித்தபடி நின்றேன். இந்த 'இல்லம்மா' எனக்குத் தெரிந்த 'இல்லம்மா'. வாசலில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டு செல்வராணியிடம் சொல்கிற 'இல்லம்மா'. டியூஷன் வாசலில் நித்திலா என் முகத்தைப் பார்த்து, "குடிச்சிருக்கீங்களாப்பா?" என்று கேட்டபோது சொன்னதும் இதே சொல், இதே குரல். அன்றைக்கு நம்பித்தான் வண்டியில் ஏறினாள். ஒரு கஞ்சி விஷயம், இதற்கெல்லாம் என்ன, அவள் வருவதற்குள் போக்கிவிட்டால் ஆயிற்று, யாருக்குத் தெரியும்? தெரியாதுதான். நூற்றுப் பத்தொன்பது நாளாகக் குடிக்காமல் இருக்கிறேன், பொய்யை விட்டு எத்தனை நாள் என்று யாராவது கேட்டால்? அவள் எண்ணைத் திரும்பத் தொட்டேன். "என்னப்பா?" கஞ்சி போட்டுட்டேம்மா, ஏழு சட்டைக்கும், நீலமும் போட்டுட்டேன், இப்பக் கேட்டப்ப இல்லைன்னு பொய் சொல்லிட்டேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே ஒரு சத்தம், முதலில் இருமுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரிக்கிறாள். "ஏழுக்குமா? நீலம் வேறயா? ஐயோ அப்பா! சரி சரி, நல்லா அலசிட்டு வெந்நீர்ல சோடாவப் போட்டு முக்கி வைங்க. போயிரும்." போயிரும் என்றாள். இன்னொரு தடவை 'அப்பா' என்றாள், அதில் வில்லங்கம் எதுவும் தட்டுப்படவில்லை.

மூன்று தண்ணீர் அலசினேன். பெரிய குண்டானில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, துணியால் காதைப் பிடித்து, படிப்படியாக மாடிக்குக் கொண்டுவந்து, வாளியில் ஊற்றி, சோடாவைக் கரைத்து, ஏழையும் ஒவ்வொன்றாகக் குச்சியால் அமுக்கினேன். கஞ்சி விட்டுப்போகிறபோது தண்ணீர் வெளுக்கும், நுரை மாதிரி ஒன்று மேலே வரும், இருபத்தாறு வருஷத்து விறைப்பு கரைகிறது என்று வேடிக்கையாக நினைத்துக்கொண்டேன். என் மாமனார்கூட என்னைக் காட்டிச் சொல்வார், தவமணியைவிட அவன் சட்டைதான் ஸ்டெடியாக நிற்கும் என்று. அரை மணி நேரம் கழித்துக் குச்சியால் கிளறினேன். சிவப்பு. குச்சியை விட்டுவிட்டேன். மறுபடி எடுத்துக் கிளறினேன். ஒரு சட்டையின் இடது விலாப் பக்கம், மேலிருந்து கீழாக, நான்கு சிவப்புக் கோடுகள். நான்கு விரல்கள். வண்டி கவிழ்ந்தபின் ரத்தக் கையோடு அவள் என்னைப் பிடித்துக்கொண்ட விரல்கள். வேறு என்ன? கறையே இல்லாத ஏழாவது சட்டை, வில்லங்கமே இல்லாத பத்திரம், அடியில் இவ்வளவு நாள் படுத்துக் கிடந்திருக்கிறது. தண்ணீர் தொட்டால் சுட்டது. வெந்நீர் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்றாளே. நானே வேக வைத்து நிரந்தரம் ஆக்கிவிட்டேன். எலுமிச்சைத் துண்டுகள் எல்லாம் தீர்ந்துவிட்டன, உப்பை அள்ளிப் போட்டேன், தேய்த்தேன், தேய்க்கத் தேய்க்கச் சிவந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு இடுக்கு இருக்கிறது, என் பாட்டில்கள் இருந்த இடம், அங்கே திணித்துவிடலாம், ஆறு சட்டைதான் தேறியது என்று சொல்லிவிடலாம். திணிக்கக்கூடப் போனேன். அந்த இடுக்கில் குனிந்தபோது, எத்தனை தடவை இதே மாதிரி குனிந்திருக்கிறேன் என்று உடம்புக்கு ஞாபகம் வந்தது, முழங்கால் மடங்குகிற கோணம்கூட அதேதான். நிமிர்ந்தேன். சட்டையைப் பிழிந்து, மற்ற ஆறுக்கும் மேலே, பார்த்ததும் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். அழுகை வந்தது, அழுதேன். மாடியில் யாரும் இல்லை.

பதினொன்று பத்துக்குப் படியில் செருப்புச் சத்தம். வீடு திறந்து கிடந்ததால் நேரே மாடிக்கே வந்துவிட்டாள். உயர்ந்திருக்கிறாள், முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள், புருவத்துக்கு மேல் அந்தக் கோடு வெள்ளையாக, சின்னதாக இருக்கிறது, நான் ராத்திரிகளில் நினைத்துக்கொண்ட அளவில் பாதிகூட இல்லை. நான் "வாம்மா" என்பதற்குள் அவள் வாளியைப் பார்த்துவிட்டாள். சட்டையை எடுத்து விரித்தாள்.

"நித்திலா, அது அன்னைக்குப் போட்டிருந்த சட்டைம்மா. ஓன் கை பட்டது. எடுத்து வச்சிரலாம்னு பாத்தேன், ஒளிக்க மனசு வரல. வெந்நீர்ல வேற போட்டுட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், குனிந்து முகர்ந்தாள்.

"அப்பா, இது மஞ்சப்பொடி."

"என்னது?"

"மஞ்சள்ல சோடா பட்டா செவக்கும்பா. வெயில்ல போட்டா போயிரும். இது ரத்தமெல்லாம் இல்ல." தன் கையை அந்தக் கோடுகளின் மேல் வைத்துக் காட்டினாள். அவள் விரல்களுக்கு வெளியே சிவப்பு தெரிந்தது. "என் கை இல்ல இது. நீங்க வைங்க."

வைத்தேன். அளவெடுத்த மாதிரி பொருந்தியது. விலாவில் கையைத் துடைத்துக்கொள்கிற இடம்.

"மஞ்சப்பொடி எப்படி?" என்றவள், படி வழியாக மேலே வந்துகொண்டிருந்த வாசனையை அப்போதுதான் கவனித்தாள். "சாம்பார் வச்சிருக்கீங்களா? நீங்களா?"

"முருங்கக்கா."

"ம்," என்றாள். அதே 'ம்'. போனில் கேட்டால் தெரியாது, எதிரே நின்று கேட்டால்தான் தெரிகிறது, அப்படிச் சொல்லும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள், அழுகையை அடக்குகிற மாதிரி. ஒரு வாரமாக நான் தேடிய அர்த்தம் இவ்வளவுதானா.

பைக்குள் கைவிட்டு ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தாள். அரைக்கை, அதே துணி, அதே டெய்லர். முதுகுப் பக்கம் உள்ளங்கை இரண்டு அகலத்துக்குப் பழுப்பு.

"இதுதான் அந்தச் சட்டை. ஆஸ்பத்திரில நர்ஸ் என் கைல குடுத்தாங்க. அம்மாவுக்குத் தெரியாது. நானும் எல்லாம் போட்டுப் பாத்துட்டேன், போகல."

"ஏம்மா வச்சிருக்க?"

"நீங்கதானப்பா கழட்டி என் தலைல கட்டுனீங்க. இறுக்கிக் கட்டி, தூக்கிக்கிட்டு, பாலத்துலருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடுனீங்க. ஆட்டோ நிறுத்துனாங்க, நீங்க ஏறவே இல்ல, பைத்தியம் மாதிரி ஓடுனீங்க. ஞாபகம் இல்லையா?"

இல்லை. எவ்வளவு துழாவியும் இல்லை. வெற்றுத்தாள்தான்.

"வண்டியக் கவுத்ததும் நீங்கதான்," என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. "அதையும் நான் மறக்கல. ரெண்டும் நீங்கதான். ரெண்டு வருசமா இத வச்சுக்கிட்டு என்ன செய்றதுன்னு தெரியாம இருந்தேன். இதையும் சேத்து சாயம் போட்டுருவோம்பா."

சட்டையை ஈரமாக்கிக் கல்லின் மேல் விரித்தாள். கறையின் நடுவைக் கிள்ளி எடுத்துக் கூம்பாக நிறுத்தினாள். நூல்கண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணால் என்னைக் கூப்பிட்டாள். "இத இறுக்கிப் புடிங்க. நூல் சுத்தி முடிக்கிற வரைக்கும் விட்டுறக் கூடாது. விட்டா சாயம் உள்ள போயிரும்."

பிடித்தேன். அவள் சுற்ற ஆரம்பித்தாள், ஒன்று, இரண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் விரல் என் விரலை இடித்துக்கொண்டு போனது.

"அப்பா, கை நடுங்குது."

"ஆமாம்மா, நடுங்கும். நீ சுத்து, நான் புடிச்சிருக்கேன்."